சம்பந்தி மோதிரத்தின் கறுப்பு

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும்போது எழும்புகிற மணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பித்தளையும் புளிப்பும் ஈரச் சாம்பலும் கலந்து, நகக்கண்ணுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு இரண்டு நாளைக்குப் போகாத மணம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த மணம் வரும்போது இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன், கை காய்வதற்குள் மனம் மாறிவிடும். இப்படியே முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் எழுத்துக்காரி அல்ல. பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவள், தமிழ் எழுத்து அம்மா குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருத்திச் சொல்லித்தந்தது. அது ஒரு காரணம். மற்றது, இந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது, அதைச் சொன்ன வாய் என்னுடையது, சொல்லச் சொன்னவர் அம்மா. அவர் இருக்கும்வரை இதை எழுதுவது அவரைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. இப்போது அவர் இல்லை. போன மாதம் இஸ்தான்புல்லில் இருந்து ஒரு படமும் வந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தை விட்டு வந்த நாங்கள் லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு ஒடுங்கிய வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலே தையல். கீழ்மாடியில் மரியம் அன்ரியும் அவருடைய ஒரே மகள் செய்னெப் அக்காவும். தெருக்கதவு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், மாடிப்படியும் ஒன்றுதான், அதனால் அவர்களுடைய இறைச்சி மணம் மேலே ஏறும், எங்களுடைய சாம்பிராணி கீழே இறங்கும். அன்ரி தோல் ஜாக்கெட் தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்தார். ஜாக்கெட்டின் உள்துணியைத் தைக்க ஆள் தேவை என்று அவர்தான் அம்மாவுக்கு வேலை பிடித்துக்கொடுத்தார். தோலைத் தொடமாட்டேன், துணியை மட்டும் தாருங்கள் என்று அம்மா சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்பதால் இரண்டு பக்கத்துக்கும் வாய் நான்தான். அன்ரி சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அவை அப்படித்தான் நினைவில் இருக்கின்றன.

அவர்களை முதலில் துருக்கிக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம். "நாங்கள் கசாக்," என்று அன்ரி திருத்தினார். அவருடைய ஆட்கள் ஆடு, குதிரையோடு திரிந்த மலைப்புல்வெளியை விட்டு, அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஓடி வந்தவர்கள். பனிமலைகளை நடந்து கடந்து, காஷ்மீரில் சில வருடம் இருந்து, பிறகு துருக்கிக்குப் போய், அங்கே தோல் தைக்கப் பழகி, கடைசியில் லண்டன். அம்மா இதைக் கேட்டுவிட்டு அப்பாவிடம், "நாங்கள் பிளேனிலை வந்தும் என்ர காப்பெல்லாம் வழியிலை போயிட்டுது. அவை நடந்து வந்தும் நகை தப்பியிருக்கு. கடவுள் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டை விட்டு வைக்கிறார்," என்றார்.

நகை என்றால் பொன் அல்ல, வெள்ளி. எங்களுக்கு அதுவே புதினமாக இருந்தது. வெள்ளி காலுக்கு, பொன் கழுத்துக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கோ கையில் வெள்ளி இல்லாவிட்டால் சமைத்த சாப்பாடே சுத்தமில்லை. முதல்நாள் அன்ரி மேலே வந்தபோது, அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிவிட்டு, அம்மாவின் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தநாள் அன்ரி ஒரு மெல்லிய வெள்ளி வளையத்தைக் கொண்டுவந்து அம்மாவின் விரலில் போட்டுவிட்டு, "இனி ஊத்துங்கோ," என்றார். அம்மா தன் பங்குக்குக் குறைந்தவரா? கீழே போனால் இறைச்சிச் சட்டி பட்ட கேத்திலில் தண்ணீர் கொதிக்குமென்று, தன்னுடைய செலவில் ஒரு தனிக் கேத்தில் வாங்கிக் கொண்டுபோய் அன்ரியின் குசினியில் வைத்துவிட்டார். இரண்டு பேருமே கோபிக்கவில்லை. "உவவும் என்னைப் போலத்தான், சுத்தம் பாக்கிற ஆள்," என்று அம்மா மெச்சினார்.

நோன்புப் பெருநாளன்று செய்னெப் அக்கா பின்னலில் வெள்ளிச் சரம் ஒன்றைக் கட்டிக்கொள்வார். நுனியில் காசுகளும் மணிகளும் தொங்கும். நடந்தால் படியெங்கும் கிலுங் கிலுங் என்று கேட்கும். குமர்ப்பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று தாய்க்குத் தெரியவும், கெட்டது அண்டாமல் இருக்கவும் என்று அன்ரி சொன்னார். "கொலுசைத் தூக்கித் தலையிலை கட்டியிருக்கினம்," என்று அம்மா சிரித்தார். எனக்கும் ஒருநாள் கட்டிவிட்டார்கள். அன்று முழுவதும் நான் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும்விட அந்த மோதிரம். அவர்கள் அதை 'குதாகி ஜூஸிக்' என்பார்கள். அம்மா தன் வாய்க்கு வசதியாகச் 'சம்பந்தி மோதிரம்' என்று வைத்துக்கொண்டார், பொருளும் அதுதான். விரலுக்கு ஒன்றாக இரண்டு வளையம், மேலே இரண்டையும் மூடி ஒரே தகடு, நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு கல். கல்லைச் சுற்றி ஆட்டுக்கடாவின் கொம்பு இரண்டு பக்கமும் சுருண்டிருப்பதுபோலக் கோலம். மந்தை பெருகவேண்டும், வீடு நிறையவேண்டும் என்பதற்காக அந்தக் கொம்பாம். விளிம்பில் பொன் முலாம், கோலத்தின் பள்ளங்களில் மை போட்டதுபோலக் கறுப்பு. பெண்ணின் தாய் மாப்பிள்ளையின் தாய்க்கு இதைப் போடுவார். "ரெண்டு விரல், ரெண்டு வீடு; மேலை ஒரே கூரை. என்ர பிள்ளையை உங்கட பிள்ளையா வைச்சிருங்கோ எண்டு வாயாலை கேக்கமாட்டம், இதைப் போட்டுவிடுவம்," என்று அன்ரி விரல்களைச் சேர்த்துக் காட்டினார். அன்ரியின் தாய் மலைநடையில் ஒளித்துக் கொண்டுவந்து, அன்ரியின் கல்யாணத்தில் அவருடைய மாமியாருக்குப் போட்ட மோதிரம் அது. மாமியார் அன்ரியை மகளாகத்தான் வைத்திருந்தாராம். சாகும்போது கழற்றி, "நான் சொல்லைக் காப்பாத்திட்டன், உன்ர மகளுக்கு வைச்சிரு," என்று திருப்பித் தந்துவிட்டார்.

செய்னெப் அக்காவுக்கு இஸ்தான்புல்லில் ஒரு கசாக் குடும்பத்தில் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்த்து மோதிரம் போட்டுக்கொள்ள வருவதாக இருந்தது. அதற்கு முந்திய வாரம் கவுன்சிலில் இருந்து கீழ்வீட்டு ஜன்னல்களை மாற்ற ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அன்ரி பகலில் பட்டறையில். அதனால் மோதிரம் இருந்த சுருக்குப்பையை அம்மாவிடம் கொடுத்து, ஞாயிறுவரை வைத்திருங்கள் என்றார். எங்கள் வீட்டில் எது பத்திரமாக இருக்கவேண்டுமோ அது சாமித்தட்டுக்குப் போகும். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே பை போயிற்று.

வெள்ளிக்கிழமைக்காக வியாழன் பின்னேரமே விளக்குகளை மினுக்குவது என் வேலை. அன்று அம்மா பக்கத்துக் கடைத்தெருவான கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தார். நான் விளக்கு, கிண்ணம், மணி எல்லாவற்றையும் புளியால் தேய்த்து, வெள்ளிச் சாமான்களைத் திருநீற்றால் துடைத்து முடித்துவிட்டு, சாமித்தட்டில் இருந்தவற்றை எடுத்து வைத்துத் துடைக்கையில் பையைக் கண்டேன். திறந்தேன். பார்க்கும் ஆசையில்தான் திறந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பார்த்தபின் மனதில் பட்டது வேறு. சாமிக்கு முன்னால் இருக்கிற வெள்ளி இவ்வளவு கறுத்துக் கிடக்கலாமா? எங்கள் வீட்டில் கறுத்த வெள்ளி என்றால் கவனியாத வீடு, மூதேவி குடியிருக்கிற வீடு. பாவம், அன்ரிக்கு வேலைக்கிடையில் நேரமில்லை என்று இரங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அம்மா பார்க்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் கொம்பு கொம்பாக உரசி, திருநீறு போட்டுத் துடைத்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. அத்தனை சந்தோஷம் எனக்கு.

அம்மா பூவோடு வந்து அதைப் பார்த்தவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். விளிம்பில் இருந்த பொன் முலாம் பாதிக்கு மேல் போயிருந்தது. கோலத்தில் கறுப்பே இல்லை. கறுப்பு இல்லாததால் கோலமும் இல்லை, கொம்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாமல் வெறும் தகடுபோலக் கிடந்தது.

"வாயைத் திறக்காதை," என்றார் அம்மா. "நான்தான் மினுக்கினனான் எண்டு சொல்லுவம். நம்பித் தந்ததைப் பழுதாக்கினவள் எண்டு என்னை நினைச்சாலும் பரவாயில்லை, உன்னை அந்த வீட்டுப் படி மிதிக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டால் என்னாலை தாங்கேலாது."

அன்று மாலை கீழே போனோம். அம்மா தமிழில் சொன்னார். நான் ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா செய்துவிட்டார், தெரியாமல் செய்துவிட்டார், மன்னிக்கவேண்டும். அன்ரி மோதிரத்தைப் புது ஜன்னலடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. "என்ர அம்மான்ர கையும் மாமியின்ர கையும் இதுக்குள்ளை இருந்தது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செய்னெப் அக்கா படிவரை வந்து என்னிடம் மெதுவாக, "மலை கடந்து வந்த மோதிரம் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குச் சொல்லி வைச்சிருக்கிறம். இப்ப பாத்தால் கிரீன் ஸ்ட்ரீட்டிலை நேற்று வாங்கினது மாதிரி இருக்கு. பழசை ஒளிச்சுப்போட்டுப் புதுசைத் தந்து ஏமாத்திறம் எண்டு நினைப்பினம்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. புகுந்த வீட்டில் கால் வைக்கும் முன்பே பொய்க்காரி வீட்டுப் பெண் என்ற பெயர் வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

வெள்ளியும் சனியும் அன்ரி தேத்தண்ணிக்கு மேலே வரவில்லை. அம்மா வழக்கமான நேரத்துக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் அன்ரி போட்ட வெள்ளி வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை முழுக்க நான் பிள்ளையாரிடம் கேட்டது, அந்தக் கறுப்பைத் திருப்பித் தா என்பதுதான். அழுக்கு வேண்டுமென்று சாமியிடம் கேட்ட பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, கீழே ஆட்கள் வந்த சத்தம் கேட்டதும், அம்மா தலைமுழுகி, திருநீறு பூசி, தட்டில் வாழைப்பழமும் கற்கண்டும் வைத்து, "வா, போவம். பிழை செய்தது நாங்கள், நிண்டு பதில் சொல்லுறதும் நாங்கள்," என்றார். இறைச்சி வேகிற வீட்டுக்குள் சாப்பாட்டு நேரத்தில் அம்மா போனது அதுதான் முதல்தடவை.

மாப்பிள்ளையின் தாய் பெரிய உடம்புக்காரி. தோல் தைத்துத் தைத்து விரல்நுனி எல்லாம் காய்த்திருந்தது. அன்ரி வேறு வழியில்லாமல் மோதிரத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். அந்த அம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவர்களுடைய பாஷையில் ஏதோ கேட்டார். செய்னெப் அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. அம்மாவுக்குப் பாஷை தேவைப்படவில்லை. என் தோளில் கை வைத்து, "சொல்லு பிள்ளை. இது அந்தப் பழைய மோதிரம்தான், நான்தான் தெரியாமல் மினுக்கிப்போட்டன், இவையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லு," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். முதல் பாதியை அம்மா சொன்னபடியே சொன்னேன். அடுத்த பாதி வரவில்லை. அம்மாவின் விரலில் இருந்த வெள்ளி வளையம் என் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது. "அம்மா வீட்டில் இல்லை. பையைத் திறந்தது நான். மினுக்கினதும் நான். அம்மாதான் செய்தார் என்று நான் சொன்னது பொய்," என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். தோளில் இருந்த கை நறுக்கென்று கிள்ளியது.

செய்னெப் அக்கா அதைக் கசாக்கில் சொன்னார். அந்த அம்மா என்னைக் கிட்ட வரச் சொல்லி, எதைக்கொண்டு மினுக்கினாய் என்று கேட்டார். புளிக்கு என்ன சொல்வது? புளிப்பான பழம் என்றேன். பிறகு சாம்பல் என்றேன். "என்ன சாம்பல்?" நான் அம்மாவின் நெற்றியைக் காட்டினேன். அவர்களுடைய நகையை எங்கள் சாமியின் சாம்பலால் துடைத்ததைப் பெரிய குற்றமாக எடுத்துவிடுவார்களோ என்று அம்மாவின் உதடு முருகா முருகா என்று அசைந்தது. அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னதைச் செய்னெப் அக்கா எங்களுக்குச் சொன்னார்: "கும்பிடுற ஆக்களின்ர சாம்பல் எண்டால் அதிலை அழுக்கில்லை."

பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மோதிரத்தைக் கவிழ்த்து, தகட்டுக்கு அடியில், இரண்டு வளையத்துக்கும் நடுவே இருக்கிற இடுக்கைத் தன் கண்ணருகே கொண்டுபோனார். என் தூரிகை அங்கே போகவில்லை. கறுப்பு அப்படியே இருந்தது. வளையங்களை நகத்தால் தட்டிக் காட்டினார்: மேற்பக்கம் தடிப்பு, உள்ளங்கைப் பக்கம் வைக்கோல்போல மெலிந்து தேய்ந்திருந்தது. "புது மோதிரம் இப்பிடித் தேயாது. இது ஊசி பிடிச்ச கை, பால் கறந்த கை. தோல் தைக்கிற எனக்குத் தேய்மானம் தெரியாதே?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு விரலையும் நீட்டினார். அன்ரி மோதிரத்தைப் போட்டுவிட்டார். "கறுப்புத்தானே? என்ர கை கறுப்பாக்கும். பத்து வருசம் கழிச்சு இந்தச் சின்னப்பிள்ளை வந்து பாக்கட்டும். ஆனால் ஒண்டு, என்ர மருமகளை வெள்ளி மினுக்கப் பழக எண்டு மேல்வீட்டுக்கு மட்டும் விடாதேங்கோ," என்று அவர் சொன்னதும் செய்னெப் அக்கா சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே அழுதார்.

எல்லோரும் போனபின் அன்ரி என்னைப் பிடித்து இருத்தினார். "நீதான் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் அடுத்தநாளே நான் தேத்தண்ணிக்கு வந்திருப்பன். பிள்ளை பையைத் திறக்கும், அது பிள்ளைக்குணம். ஒரு பெரிய மனிசி, நகையின்ர அருமை தெரிஞ்சவள், நான் நம்பிக் குடுத்த பையைத் திறந்தாளே எண்டுதான் எனக்கு நோவு." இதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அம்மா எழும்பி அந்தத் தனிக் கேத்திலை எடுத்துத் தண்ணீர் வைத்தார், அன்ரியின் குசினியில், அன்ரியைக் கேளாமலே.

கல்யாணமாகிச் செய்னெப் அக்கா இஸ்தான்புல் போய்விட்டார். தொண்ணூறுகளில் அவர்களுடைய பழைய நாட்டுக்கு வழி திறந்தபோது மரியம் அன்ரியும் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தார். அங்கே அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிக்குள் இப்படியான மோதிரங்கள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தனவாம். அவற்றை மினுக்க எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பிடித்தார்களோ தெரியவில்லை என்று அங்கிருந்து எழுதியிருந்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் என் கல்யாணத்துக்குச் சம்பந்தி அம்மா செய்னெப் அக்காவோடு லண்டன் வந்தார். மண்டபத்தில் என்னைக் கண்டதும் வாழ்த்துச் சொல்லும் முன்பே இரண்டு விரலையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். கொம்புகள் திரும்பி வந்திருந்தன. பள்ளம் பள்ளமாக, மை போட்டதுபோலக் கறுப்பு. முலாம் மட்டும் வரவில்லை.

அந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. மாடிப்படிக்கு மறைப்புச் சுவர் கட்டி இரண்டு கதவு வைத்துவிட்டார்கள். தோல் பட்டறைகள் ஒன்றும் இல்லை. ஜாக்கெட் உள்துணி தைக்கிற பெண்களும் இல்லை. மரியம் அன்ரி போய், அம்மாவும் போய்விட்டார். வெள்ளி வளையம் என் விரலில் இருக்கிறது, அது இல்லாமல் நான் உலை வைப்பதில்லை. போன மாதம் வந்த படத்தில் செய்னெப் அக்கா, சம்பந்தி அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மோதிரத்தைத் தன் மகளின் மாமியாருக்குப் போட்டுவிடுகிறார். கீழே ஒரு வரி: "புளியைத் தூர வை." எனக்குச் சிரிப்பு வந்தது; பிறகு சாமித்தட்டுக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக அம்மாமேல் பழியைப் போடவேண்டாம், அம்மா சொன்ன பொய்யையும் விட்டுவிடவேண்டாம், அது அவர் என்மேல் வைத்த அன்பு. இன்னொருவர் சொல்லச் சொன்னதை நான் ஒரேயொரு தடவை மாற்றிச் சொன்னேன். அந்த ஒரு தடவையே போதும்.